ரெக்சினில் சுருக்கம் விழுவது ஏன்?

ஊறுகாய் ஜாடிக்கு வெள்ளைத் துணியால் வேடு கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஜாடியின் வாய்க்கு மேலே துணி விறைப்பாக நிற்கும். விளிம்பைத் தாண்டிக் கழுத்தில் இறங்கியதும் கொசுவம் கொசுவமாக மடிந்துவிடும். எத்தனை கவனமாகக் கட்டினாலும் அந்த மடிப்புகள் வரத்தான் செய்யும். இப்போது வாசலில் நிற்கும் பைக்கின் சீட்டைப் பாருங்கள். ஓட்டுபவர் உட்காரும் இடத்தில் பள்ளம், பின்னால் மேடு, டேங்கை நோக்கி ஒடுங்கும் மூக்கு, இருபுறமும் வழிந்து இறங்கும் பக்கங்கள். ஜாடியை விடப் பலமடங்கு சிக்கலான வடிவம். ஆனால் அதன்மேல் போர்த்திய ரெக்சினில் ஒரு மடிப்புகூடத் தெரியாது. அதுவும் தட்டையான சுருளிலிருந்து வெட்டிய துண்டுதான். ஜாடியில் தோன்றிய கொசுவம் சீட்டில் எங்கே போயிற்று?

இந்தக் கேள்வியோடு ஒரு குஷன் கடை வாசலில் ஒரு பிற்பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். பெரியவர் ஒருவரும் வேலை பழகும் பையன் ஒருவனும் பழைய ஸ்கூட்டர் சீட்டுக்குப் புதுத்தோல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பையன் மூக்குப்பக்கம் ஒரு சுருக்கத்தைக் கண்டு பல்லைக் கடித்து இழுத்தான், பலகையில் ஒரு பின்னை அடித்தான். பின் அடித்த இடத்திலிருந்து மேல்நோக்கி விசிறிபோல மூன்று கோடுகள் எழுந்தன. இன்னும் பலமாக இழுத்தான், கோடுகள் ஆழமாயின. பெரியவர் எட்டிப் பார்த்தார். “அந்தப் பின்னை எடுடா. கோடு தானா போயிடும்” என்றார். எடுத்தான், போய்விட்டது. இழுக்க இழுக்கக் கூடிய சுருக்கம் விட்டதும் மறைந்தது. அன்று நான் கற்றுக்கொண்டதில் பாதி இந்த ஒரு நிமிடத்தில் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ரெக்சின் என்பது இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகிலுள்ள ஹைட் என்ற ஊரில் இயங்கிய நிறுவனத்தின் வணிகப்பெயர். துணியின்மேல் செல்லுலோஸ் நைட்ரேட், கற்பூர எண்ணெய், நிறமி ஆகியவற்றின் கலவையைப் பூசி, தோல்போல வரிகளை அழுத்திய பொருள் அது. இன்று நம் கடைகளில் அதே பெயரில் கிடைப்பது வேறு: துணி முதுகின்மேல் பி.வி.சி. என்னும் வினைல் பிளாஸ்டிக் படிந்த விரிப்பு. பொருள் மாறிவிட்டது, பெயர் நம் நாக்கில் தங்கிவிட்டது.

இனிச் சுருக்கத்துக்கு வருவோம். ஒரு தாளை எடுத்துச் சுருட்டுங்கள், உருளை கிடைக்கும். சாய்த்துச் சுருட்டினால் கடற்கரையில் சுண்டல் கட்டித்தரும் கூம்புப் பொட்டலம். இரண்டிலும் சுருக்கம் கிடையாது. இப்படி நீட்டாமல், கிழிக்காமல், தட்டையாக விரித்துவிடக்கூடிய பரப்புகளை ‘விரிதகு பரப்பு’ எனலாம். அதே தாளைப் பந்தின்மேல் ஒட்டவைக்க முயலுங்கள். ஓரமெல்லாம் கசங்கும். வளைவு என்பதனால் மட்டும் சுருக்கம் வருவதில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. பொட்டலமும் வளைந்ததுதான். ஒரு திசையில் மட்டும் வளைந்தால் தாள் ஒத்துப்போகிறது. இரண்டு திசைகளிலும் சேர்ந்து வளைந்தால் முரண்டுபிடிக்கிறது.

ஏன் என்பதை ஒரு நூலும் பென்சிலும் சொல்லிவிடும். நூலின் ஒரு முனையை மேசையில் அழுத்திப் பிடித்து, மறுமுனையில் பென்சிலைக் கட்டி வட்டம் போடுங்கள். அதே நீள நூலால் ஒரு பந்தின் உச்சியை மையமாக வைத்து இன்னொரு வட்டம் போடுங்கள். பந்தின்மேல் நூல் சரிந்து வளைந்து கிடப்பதால், அந்த வட்டத்தின் சுற்றளவு மேசை வட்டத்தைவிடக் குறைவாக இருக்கும். தட்டைத் துணியில் அந்த ஆரத்துக்கு உரிய சுற்றளவு முழுவதும் இருக்கிறது. பந்தில் அதற்கு இடமில்லை. மிஞ்சிய நீளத்தை ‘மிகைச்சுற்று’ என்று அழைக்கிறேன். சுருக்கம் என்று நாம் பார்ப்பது இந்த மிகைச்சுற்று தனக்கு இடம் தேடி மேலெழுவதைத்தான்.

கணக்கு எவ்வளவு வரும்? 30 சென்டிமீட்டர் அகலமுள்ள வட்ட முக்காலி ஒன்று. அதன் மேற்புறம் நடுவில் 4 சென்டிமீட்டர் உயரத்துக்கு மெல்லக் குவிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விளிம்பின் சுற்றளவு சுமார் 94 சென்டிமீட்டர். அங்கே வந்துசேரும் துணியின் சுற்றளவு சுமார் 98.7. மிகைச்சுற்று ஏறத்தாழ நாலரை சென்டிமீட்டர், அதாவது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. இதை ரெக்சின் கையிழுப்பிலேயே விழுங்கிவிடும். இப்போது அதே 30 சென்டிமீட்டர் வாயுள்ள முழு அரைக்கோளம் ஒன்றை எடுங்கள். உயரம் 15 சென்டிமீட்டர். விளிம்பு அதே 94. வந்துசேரும் துணியோ 148. மிஞ்சுவது 54 சென்டிமீட்டர்! உயரம் நாலு மடங்குகூட ஆகவில்லை, மிச்சம் பன்னிரண்டு மடங்காகிவிட்டது. ஆழமான வளைவுக்கு ஒரே துண்டு ஏன் ஒத்துவராது என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டியதில்லை.

இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. முக்காலியின் மேற்புறம் தட்டையாகவே இருந்தாலும், துணி விளிம்பில் மடங்கிப் பக்கவாட்டில் 5 சென்டிமீட்டர் இறங்குகிறது அல்லவா? அந்த இறக்கத்தில் துணியின் சுற்றளவு 31 சென்டிமீட்டர் கூடுகிறது. முக்காலியின் சுற்றளவோ ஒரு நூலிழைகூடக் கூடவில்லை. முன்பு கணக்கிட்ட மெல்லிய குவிவைவிட இந்தச் சிறு இறக்கம் ஏழு மடங்கு தொல்லை தருகிறது. ஊறுகாய் ஜாடியில் நடப்பதும் இதுதான். அதனால்தான் வட்ட முக்காலிக்கு மேல்வட்டம் தனி, பக்கப் பட்டி தனி என்று வெட்டி, இரண்டும் சேருமிடத்தில் பைப்பிங் வைத்துத் தைக்கிறார்கள். பட்டி என்பது வெறும் உருளை, விரிதகு பரப்பு. அதில் சுருக்கத்துக்கு வேலையே இல்லை.

மிகைக்கு எதிர்ப்பக்கமும் உண்டு. குடத்தின் வயிறு பந்துபோல எல்லாத் திசையிலும் வெளியே புடைக்கிறது. ஆனால் வயிறு கழுத்தோடு சேருமிடத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள்: சுற்றிவரும்போது வெளிப்பக்கமாக வளைகிறது, மேலிருந்து கீழே போகும்போது உட்பக்கமாகக் குழிகிறது. குதிரைச் சேணத்தின் நடுவிலும் இதே அமைப்புத்தான். இந்தச் ‘சேண வளைவில்’ நூல்வட்டம் போட்டால் சுற்றளவு மேசை வட்டத்தைவிட அதிகம் வரும். இங்கே துணி மிஞ்சாது, போதாது. பைக் சீட்டில் ஓட்டுபவர் உட்காரும் பள்ளமும் பின்மேடும் சேருமிடம் இப்படிப்பட்டது. இழுத்தால் ரெக்சின் பள்ளத்தில் படியாமல் மேட்டிலிருந்து மேட்டுக்குப் பாலம்போல அந்தரத்தில் நிற்கும். அங்கே இழுப்பு உதவாது. ரப்பர் பசையால் ஒட்ட வேண்டும், அல்லது குறுக்கே ஒரு தையல் ஓட்டி அதைக் கீழே இழுத்துக் கட்ட வேண்டும். சீட்டின் குறுக்கே ஓடும் தையலை அலங்காரம் என்றே நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

தட்டை விரிப்பை நீட்டாமல் இரு திசைகளிலும் வளைக்க முடியாது என்ற உண்மையை முழுதாக நிறுவியவர் ஜெர்மானியக் கணித மேதை காஸ். 1820-களில் ஹானோவர் நாட்டை முக்கோணம் முக்கோணமாக அளந்து வரைபடமாக்கும் பணியில் இருந்தவர் அவர். மலையுச்சிகளுக்கு இடையே கோணங்களை அளந்துகொண்டிருந்த மனிதருக்கு, உருண்டைப் பூமியைத் தட்டைத் தாளில் ஏற்றும் சிக்கல் அன்றாட வேலை. 1827-இல் வளைபரப்புகள் பற்றி அவர் அளித்த ஆய்வுரையில் ஒரு தேற்றத்தைத் தனியே உயர்த்தி, ‘சிறந்த தேற்றம்’ என்று பொருள்படும் லத்தீன் பெயரால் குறித்தார். அதன் சாரம்: பரப்பைவிட்டு வெளியே வந்து பார்க்காமல், அதன்மேலேயே ஊர்ந்து தூரங்களை மட்டும் அளந்துகொண்டே அதன் இருதிசை வளைவைக் கண்டுபிடித்துவிடலாம். நம் நூல்வட்டச் சோதனை அந்த அளவைதான். பரப்பை வளைத்தாலும் சுருட்டினாலும், நீட்டாதவரை அதன்மேலுள்ள தூரங்கள் மாறுவதில்லை. ஆகவே இந்த வளைவும் மாறுவதில்லை. தாளுக்கு அது சுழி. பந்துக்குச் சுழி இல்லை. எனவே தாளை எப்படி மடக்கினாலும் பந்தாகாது. நீட்ட வேண்டும், நெருக்க வேண்டும், வெட்ட வேண்டும், அல்லது மடிக்க வேண்டும். ஐந்தாவது வழியை எந்தக் கைவினைஞராலும் கண்டுபிடிக்க முடியாது.

நெருக்குவது என்றேன். மிகைச்சுற்றைப் பொருளுக்குள்ளேயே அமுக்கிவிட்டால் என்ன? மெல்லிய விரிப்பு அதற்கு உடன்படாது. ஒரு ரெக்சின் துண்டின் இரு ஓரங்களையும் பிடித்து ஒன்றை நோக்கி ஒன்றைத் தள்ளுங்கள். அது அமுங்காது, நடுவில் மேடாக நெளிந்துவிடும். தடிமன் இரட்டித்தால் நீட்டுவதற்கு இருமடங்கு விசைதான் வேண்டும். வளைப்பதற்கோ எட்டு மடங்கு. தலைகீழாகப் பார்த்தால், தடிமன் குறையக் குறைய வளைவது மிக மலிவாகிவிடுகிறது. அதனால் மெல்லிய பொருள் எதுவும் அமுங்குவதைவிட நெளிவதையே தேர்ந்தெடுக்கும். அடியிலிருக்கும் ஸ்பாஞ்சுக்கும் இதில் பங்குண்டு. ரெக்சின் தனித்திருந்தால் ஒரே பெரிய வளைவாக நெளியப் பார்க்கும். ஒட்டிய ஸ்பாஞ்சு அவ்வளவு தூக்க விடாமல் பிடிக்கும். இரண்டுக்கும் நடக்கும் சமரசத்தில்தான் சுருக்கத்தின் அகலம் முடிவாகிறது. தடித்த ரெக்சினும் இளகிய ஸ்பாஞ்சும் சேர்ந்தால் பெரிய அலை. மெல்லிய ரெக்சினும் இறுகிய அடித்தளமும் சேர்ந்தால் நெருக்கமான சிற்றலை.

இனி அந்தப் பையன் அடித்த பின்னுக்கு வருவோம். ஒரு பிளாஸ்டிக் பையை இரு பக்கமும் பிடித்து இழுத்தால், இழுக்கும் திசையிலேயே நீள்கோடுகள் விழும். ஒரு பொருள் நீளும்போது குறுக்கே ஒடுங்கும். ஒடுங்கும் இடத்தில் நெருக்கம் தோன்றி அது நெளியும். எனவே சுருக்கக்கோடு எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையில் இழுவிசை ஏற்கெனவே இருக்கிறது என்று பொருள். குறைவாக இருப்பது அதற்குக் குறுக்கே. பையன் கோட்டின் வழியே இழுத்தான், கோடு ஆழமாயிற்று. பெரியவர் பின்னை எடுக்கச் சொன்னது மிகையான இழுவையை நீக்குவதற்கு. பிறகு இரு பக்கத்திலும் தள்ளிப் பிடித்து, கோட்டுக்குக் குறுக்காகப் பரத்தி இழுத்தார். 1929-இல் ஹெர்பர்ட் வாக்னர் என்ற பொறியாளர், விமானங்களின் மெல்லிய உலோகத் தகடுகள் சாய்கோடுகளாக நெளிந்த பிறகும் சுமையைத் தாங்குவதை ஆராய்ந்து, அந்தக் கோடுகளின் வழியே இழுவிசை பாய்கிறது என்று காட்டினார். வானூர்தித் தகட்டுக்கும் ஸ்கூட்டர் சீட்டுக்கும் ஒரே வாய்பாடு.

பின் அடிக்கும் வரிசையும் இந்த அறிவிலிருந்து பிறந்ததே. ஒரு மூலையில் தொடங்கிச் சுற்றிக்கொண்டே போனால், மிகைச்சுற்று முழுவதும் முன்னே தள்ளப்பட்டுக் கடைசி இடத்தில் ஒரே குவியலாக வந்து நிற்கும். அதனால் முன்னும் பின்னும் ஒவ்வொன்று, இடமும் வலமும் ஒவ்வொன்று, பிறகு இடைவெளிகளின் நடுவில், மீண்டும் அவற்றின் நடுவில் என்று போவார்கள். சைக்கிள் சக்கரத்துக்குக் கோட்டம் எடுப்பவர் எதிரெதிர்க் கம்பிகளைத் திருகுவதைப் போல. நாலரை சென்டிமீட்டர் மிச்சம் ஒரே இடத்தில் சேர்ந்தால் அசிங்கமான மடிப்பு. அறுபது பின்களுக்கு இடையே பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் முக்கால் மில்லிமீட்டர்; கண்ணுக்கே தெரியாது.

எந்த ரெக்சினை வாங்குவது என்பதிலும் கணக்கு இருக்கிறது. திருப்பி அதன் முதுகைப் பாருங்கள். நெய்த துணியாக இருந்தால் பாவும் ஊடும் நூலளவுக்குமேல் நீளாது. பனியன்போல வளையம் வளையமாகப் பின்னிய துணியாக இருந்தால் இரு திசையிலும் கொடுக்கும், பெரும்பாலும் அகலவாட்டில் கூடுதலாக. நெய்த துணிக்கும் ஒரு தனித்திறமை உண்டு. மூலைவிட்டமாக இழுத்தால் அதன் சதுரக் கட்டங்கள் சாய்சதுரமாகச் சரிந்து இடம்கொடுக்கும். நம் தையற்காரர்கள் கிராஸ் கட் ரவிக்கை வெட்டுவது இதை நம்பித்தான். ரஷ்யக் கணித அறிஞர் செபிஷேவ் 1878-இல் பாரிஸில் ஆடை வெட்டுவதைப் பற்றியே ஓர் அறிவியல் உரை நிகழ்த்தினார். நூல்கள் நீளாமல், அவற்றுக்கிடையே உள்ள கோணங்கள் மட்டும் மாறி, துணி எப்படி ஒரு பந்தைத் தழுவ முடியும் என்பது அதன் பொருள். மாபெரும் கணிதவியலர் ஒருவர் தையற்காரரின் கேள்வியைத் தன் கேள்வியாக ஏற்றுக்கொண்டது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஆனால் ரெக்சினில் வினைல் பூச்சு நூல்களைப் பூட்டிவிடுவதால் இந்தச் சரிவு சுலபமாக நடக்காது. வளைந்த வேலைக்குப் பின்னல் முதுகையே கேட்டு வாங்குவது நல்லது.

குஷன் கடைக்காரர்கள் ரெக்சினை வேலைக்கு முன் வெயிலில் விரித்து வைப்பதும் சூட்டுக்காற்றுத் துப்பாக்கி காட்டுவதும் வேறொரு வாசலைத் திறக்கின்றன. பி.வி.சி. இயல்பில் குழாயாகப் பயன்படும் கெட்டிப் பொருள். சுமார் 80 டிகிரி செல்சியஸில்தான் இளகத் தொடங்கும். 1926-இல் அமெரிக்காவின் குட்ரிச் நிறுவனத்தில் வால்டோ சீமன், ரப்பரை உலோகத்தோடு ஒட்டும் பசையொன்றைத் தேடிப் பி.வி.சி.யை அதிகக் கொதிநிலைத் திரவங்களில் சூடாக்கியபோது, எதிர்பாராமல் வளையும் பொருள் கிடைத்தது. அந்தத் திரவ மூலக்கூறுகள் நீண்ட பிளாஸ்டிக் சங்கிலிகளுக்கு இடையே புகுந்து அவற்றைச் சற்று விலக்கி வைக்கின்றன. இவற்றை ‘நெகிழ்வூட்டி’ எனலாம். சூடேற்றினால் சங்கிலிகள் மேலும் எளிதாக ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். அந்த நிலையில் இழுத்து, ஆறும்வரை பிடித்திருந்தால் நீட்டியதில் ஒரு பகுதி நிலைத்துவிடும். கொழுக்கட்டைக்குச் செப்பு பிடிக்கும்போது வெந்நீரில் பிசைந்த மாவு விரலுக்கு வழிந்து கிண்ணமாவதில்லையா, அதைப் போல. மாவு ஆறிவிட்டால் ஓரம் விரியும். பாக்குமட்டைத் தட்டு செய்பவர்கள் மட்டையை ஊறவைத்துச் சூட்டோடு அச்சில் அழுத்துவதும் இதற்காகவே. சூடு கைமீறினால் ரெக்சினின் தோல்வரிகள் கரைந்து பளபளப்பாகிவிடும்; அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. துப்பாக்கியை ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இழுப்பும் சூடும் போதாத இடத்தில் கத்தரிக்கோல். இங்கே ஒரு நல்ல விதி துணைக்கு வருகிறது: பந்தில் எடுத்துக்கொள்ளும் பகுதியின் அகலத்தைப் பாதியாக்கினால், மிகையின் விகிதம் கால்பங்காகக் குறையும். சற்றுமுன் பார்த்த முக்காலிக் குவிவை ஒரே துண்டாகப் போர்த்தினால் நூற்றுக்கு நாலரை. அதில் பாதி அகலமுள்ள துண்டில் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல். 1970 உலகக் கோப்பையில் ஆடிய கால்பந்தில் 12 கறுப்பு ஐங்கோணமும் 20 வெள்ளை அறுகோணமும் தைத்திருந்தது இதனால்தான். ஒவ்வொரு துண்டும் ஏறத்தாழத் தட்டை. கிரிக்கெட் பந்தின் தோல், நான்காக வகுந்த ஆரஞ்சுத் தோல்போன்ற நான்கு துண்டுகள். 1507-இல் வால்ட்சேமுல்லர் பூமி உருண்டைக்கு ஒட்டுவதற்காக அச்சிட்ட படமும் 12 இதழ்களாகவே இருந்தது. ரவிக்கையில் டாட் பிடிப்பதும் இதே வேலை: மிகையை ஓர் ஆப்பாக மடித்து, தையலுக்குள் அடைத்துவிடுவது. சீட்டுத் தையலைப் பிரித்துப் பார்த்தால், துண்டுகளின் ஓரங்கள் விந்தையாக வளைந்திருக்கும். மிகைச்சுற்றை முன்கூட்டியே கணக்கிட்டு வெட்டி எறிந்த தடம் அது. பெரியவர் அந்த வளைவைக் கணக்குப் போட்டு வரையவில்லை. பழைய தோலைப் பிரித்து, தட்டையாக விரித்து, அதன்மேல் சுண்ணக்கட்டியால் கோடிழுத்தார்.

நீங்களே சோதித்துப் பார்க்க விரும்பினால் கழிவு ரெக்சினில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து வரிசையாக வட்டங்கள் வரைந்து, ஒரு பந்தின்மேல் இழுத்துக் கட்டுங்கள். நீண்ட இடங்களில் வட்டம் நீள்வட்டமாகும். நீள்வட்டத்தின் நீண்ட அச்சு இழுவிசையின் திசையைக் காட்டும். கார் உடல்தகடுகளை அச்சில் அழுத்தும் தொழிற்சாலைகளிலும் தகட்டில் சிறு வட்டங்களைப் பொறித்து, எங்கே கிழியும், எங்கே சுருங்கும் என்று இப்படியேதான் படிக்கிறார்கள்.

மாலையில் பெரியவர் வேலையை முடித்துச் சீட்டைக் கவிழ்த்துப் போட்டார். ஜாடிக் கழுத்தில் பார்த்த அத்தனை கொசுவமும் அடிப்பலகையில் இருந்தது, விரல் நகம்போல அடுக்கடுக்காக, ஒவ்வொன்றின்மேலும் ஒரு பின்னோடு. அடுத்து வரிசையில் இருந்தது ஓராண்டுக்கு முன் அவரே தைத்த சீட்டு. உட்காரும் இடத்தில் தளர்ந்து மடிந்திருந்தது. ரெக்சினைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. போர்த்தும்போது ஸ்பாஞ்சைச் சற்றுப் பெரிதாக வெட்டி அமுக்கித்தான் உள்ளே வைப்பார்கள். அது விரியப் பார்ப்பதால் தோல் எப்போதும் இழுவையிலேயே இருக்கும். எல்லாத் திசையிலும் இழுவையில் இருக்கும் விரிப்பு நெளியாது. ஓராண்டு அமர்வில் ஸ்பாஞ்சு தன் உயரத்தை இழந்துவிட்டது, தோலுக்கு மீண்டும் மிச்சம் வந்துவிட்டது. வண்டிக்காரர் புதுத்தோல் போடவேண்டுமா என்று கேட்டார். “தோல் நல்லாத்தான் சார் இருக்கு” என்று சொல்லிவிட்டு, பின்களைப் பெயர்த்து, அரை அங்குல ஸ்பாஞ்சுத் துண்டொன்றை உள்ளே வைத்து, அதே தோலை மறுபடி முன்னும் பின்னுமாகப் பிடித்து இழுக்கத் தொடங்கினார்.